கெவின் கீகன்: லிவர்பூல் வளர்த்த ஆளா, ஹாம்பர்க் செதுக்கிய ஆளா?

சேற்றுத்திடல்

வெளிநாட்டுக்குப் போய்ச் சாதித்த இங்கிலாந்துக்காரர் யார் என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் பெக்கம், பெல்லிங்கம், ஹாரி கேன் என்று அடுக்குகிறார்கள். கொஞ்சம் வயதானவர்கள் மெக்மனமனைச் சொல்வார்கள். கீகன் பெயர் வருவதே இல்லை. கீகன் என்றாலே 1996-ல் நியூகாசில் மேனேஜராக ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவியில் விரலை நீட்டிக் கொந்தளித்த காட்சிதான் பலருக்கும் ஞாபகம். அவர் ஆடிய ஆட்டம் மங்கிப் போய்விட்டது. அதனால்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். டான்காஸ்டர் பக்கத்தில் ஆர்ம்தார்ப் என்ற ஊர், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையன், 1951-ல் பிறந்தவர். ஆள் ஐந்தடி எட்டு அங்குலம். உயரம் போதாது என்று சிறு வயதில் திருப்பி அனுப்பப்பட்டவர். பள்ளி முடித்ததும் பித்தளைச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலை டீமிலேயே ரிசர்வ் அணியில்தான் இடம் கிடைத்தது. அப்புறம் நாலாவது டிவிஷன் ஸ்கன்தார்ப் யுனைடெட். 1971-ல் லிவர்பூல் மேனேஜர் ஷாங்க்லி சுமார் 35,000 பவுண்டு கொடுத்து லிவர்பூலுக்குக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட வந்த அன்று லிவர்பூல் மைதானமான ஆன்ஃபீல்டில் ஒரு குப்பைத் தொட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தார் என்பது பிரபலமான கதை. ஆகஸ்டில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு முதல் மேட்ச். 12-வது நிமிடத்தில் கோல்.

ஆறு சீசனில் மூன்று லீக், இரண்டு யூஃபா கோப்பை, ஒரு எஃப்ஏ கோப்பை, கடைசியில் ரோமில் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). 323 ஆட்டம், சரியாக 100 கோல். இதை எல்லாம் வைத்துக்கொண்டு 1977-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு ஜெர்மன் கிளப் ஹாம்பர்க் போனார். பிரிட்டிஷ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீகன் செய்த பெரிய காரியம் அந்த 1977 குளிர்காலத்தில் ஹாம்பர்கை விட்டு ஓடிவராமல் இருந்ததுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

கொப் படிக்கட்டு

ஓடிவராமல் இருந்ததெல்லாம் ஒரு சாதனையா தலைவா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இருக்கத்தானே வேண்டும்.

நான் லிவர்பூல் ரசிகன், அதை மறைக்கவில்லை. எங்கள் பக்கக் கணக்கைப் பாருங்கள். கீகனை விற்று ஐந்து லட்சம் வந்தது. அதில் 4,40,000 கொடுத்து செல்டிக்கிலிருந்து டால்கிளீஷை வாங்கினார் எங்கள் மேனேஜர் பாப் பெய்ஸ்லி. கையில் அறுபதாயிரம் மிச்சம். அடுத்த வருடமே வெம்ப்ளியில் புரூஜுக்கு எதிராக ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரே கோல், அடித்தவர் டால்கிளீஷ். இதைவிட லாபமான வியாபாரம் கால்பந்தில் நடந்திருக்கிறதா?

1977 சூப்பர் கப் வேறு இருக்கிறது, ஐரோப்பியக் கோப்பை எடுத்த எங்களுக்கும் இன்னொரு ஐரோப்பியப் போட்டியை வென்ற ஹாம்பர்குக்கும். நவம்பரில் ஹாம்பர்கில் 1-1. டிசம்பரில் ஆன்ஃபீல்டில் 6-0, டெர்ரி மெக்டர்மட் மட்டும் மூன்று கோல். பழைய வீட்டுக்கு எதிரணிச் சட்டையோடு வந்த மனிதருக்கு ஆறு கோல் பரிசு. டால்கிளீஷ்தான் மேல் என்று கூட்டம் பாட்டாகவே பாடியது.

கணக்கப்பிள்ளை

அவர் ஏன் போனார் என்பதையும் பேசுவோம். வீரம், சவால், புதிய அனுபவம் என்றெல்லாம் பேட்டியில் சொல்வது வழக்கம். அப்போது இங்கிலாந்தில் சம்பாதிக்கும் பணத்துக்கு மேல்மட்ட வருமான வரி 83 சதவீதம். நூறு பவுண்டில் பதினேழு கையில் நிற்கும். ஜெர்மனியில் உச்ச வரி 56. லிவர்பூலோ சம்பள விஷயத்தில் கறாரான கிளப். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 26 வயதுக்காரன் என்ன முடிவு எடுப்பான்?

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் துறவி மாதிரி படம் போடாதீர்கள்.

சேற்றுத்திடல்

பணத்துக்காகவும் போனார், அதை அவரே மறுத்ததில்லை. ஆனால் போன விதம் பாருங்கள். ஒரு சீசனுக்கு முன்பே, 1976-லேயே, 'இந்த ஒரு வருடம் ஆடிவிட்டுக் கிளம்புகிறேன்' என்று கிளப்பிடம் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்ததும் ரசிகர்கள் முறைத்தார்கள். அந்த வருடம் முழுக்கச் சொந்த மைதானத்திலேயே முணுமுணுப்போடு ஆடினார்.

அந்த வருடத்தின் கடைசி ஐந்து நாள் இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். லீக் கையில் வந்துவிட்டது. 1977 மே 21, எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், மான்செஸ்டர் யுனைடெடிடம் 2-1 தோல்வி. மூன்று கோப்பைக் கனவு போயிற்று. நாலே நாளில் ரோமில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரணி ஜெர்மனியின் மான்ஷென்கிளாட்பாக். கீகனைக் கட்டிப்போட பெர்ட்டி ஃபோக்ட்ஸை அனுப்பினார்கள். 1974 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்து நட்சத்திரம் க்ரைஃபைத் துரத்திய அதே ஃபோக்ட்ஸ். கழிவறைக்குப் போனாலும் பின்னால் வருவார் என்று சொல்லத்தக்க ஆள்.

கீகன் என்ன செய்தார்? ஃபோக்ட்ஸைக் கூட்டிக்கொண்டு மைதானம் முழுக்கச் சுற்றினார். இடது ஓரம் போவார், நடுக்களத்துக்கு இறங்குவார், வலது பக்கம் வருவார். ஃபோக்ட்ஸும் கூடவே வருவார். நடுவில் இடம் காலி. மெக்டர்மட் முதல் கோல் அடித்தது அப்படித் திறந்த வழியில் ஓடிவந்துதான். சிமோன்சென் சமன் செய்தார், டாமி ஸ்மித் தலையால் முட்டி 2-1. எண்பது நிமிடம் தாண்டியபோது கீகன் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் புகுந்தார், களைத்துப்போன ஃபோக்ட்ஸ் காலை விட்டார், பெனால்டி. ஃபில் நீல் அடித்து 3-1.

கீகன் கோல் அடிக்கவில்லை. ஆனால் அந்த மேட்சை அவருடைய ஆட்டம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். லிவர்பூலுக்காக அதுதான் கடைசி ஆட்டம்.

கொப் படிக்கட்டு

ரோம் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். அந்த ராத்திரிக்கு எதைக் கொடுத்தாலும் தகும்.

வடகடல்

வணக்கம். நான் ஹாம்பர்கில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். இரண்டு விஷயம் திருத்த வேணும்.

ஒன்று, பெரிய கிளப்பை விட்டுச் சின்னக் கிளப்புக்குப் போனார் என்று இங்கிலாந்துக்காரர் கதைப்பது பிழை. 1977-ல் ஹாம்பர்க் 'கோப்பை வென்றோர் கோப்பை'யை (ஒவ்வொரு நாட்டிலும் கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டி) எடுத்த அணி. லிவர்பூல் ரோமில் வென்றதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு ஆம்ஸ்டர்டாமில் ஆண்டர்லெக்டை 2-0 என்று வென்றார்கள். ஆனால் லீக்கை 1960-க்குப் பிறகு வெல்லவில்லை. பழைய நட்சத்திரம் ஊவே சேலர் காலத்துக்குப் பிறகு அந்த ஏக்கம் இந்த ஊரில் இருந்தது.

இரண்டு, கீகன் வந்து இறங்கிய வீடே குழம்பிப்போன வீடு. அப்போது நிர்வாகத்தைப் பார்த்தவர் பீட்டர் க்ரோன். விளம்பரப் பிரியர், அணிக்கு இளஞ்சிவப்புச் சட்டை போட்டுவிட்டவர். கோப்பை வென்று கொடுத்த கோச் க்ளோட்சரை அனுப்பிவிட்டு ரூடி குட்டன்டோர்ஃபைக் கொண்டுவந்தார். அதே மூச்சில் பெரிய விலை கொடுத்து கீகனையும் வாங்கினார். ஆட்டக்காரர் பார்வையில் யோசித்துப் பாருங்கள். தங்களுக்குப் பிடித்த கோச் போய்விட்டார், ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாத ஒருவர் வந்து எல்லாரையும் விடக் கூடச் சம்பளம் வாங்குகிறார். முகம் கொடுப்பார்களா? தனக்குப் பந்து தரவே தயங்கினார்கள் என்று கீகனே பிறகு சொல்லியிருக்கிறார். குட்டன்டோர்ஃப் ஒக்டோபரிலேயே போய்விட்டார். பழைய கோல்கீப்பர் ஓஸ்ஜான் அர்கோச் பொறுப்பெடுத்தார். பருவ முடிவில் பத்தாம் இடம்.

இங்கே வந்த முதல் வருடம் நானும் வேலையிடத்துச் சாப்பாட்டறையில் வாய் பேசாமல்தான் இருந்தேன். பக்கத்து மேசையில் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று வயிறு கலங்கும். பாஷை விளங்கியபின்தான் தெரிந்தது, அவர்கள் வானிலையைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். அதனால் கீகனின் அந்த முதல் வருடத்தை வாசிக்கும்போது எனக்குக் கோல் கணக்கு முக்கியமாகப் படவில்லை.

கணக்கப்பிள்ளை

எனக்கு முக்கியம், அதனால் போடுகிறேன். பன்டஸ்லிகாவில் (ஜெர்மன் லீக்) கீகன்:

1977-78: 25 ஆட்டம், 6 கோல்.
1978-79: 34 ஆட்டம், 17 கோல்.
1979-80: 31 ஆட்டம், 9 கோல்.

மொத்தம் 90-க்கு 32. முதல் வருடம் 25 ஆட்டம்தானே என்று கேட்பவர்களுக்கு: லூபெக் அணியோடு நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில் எதிராளி திரும்பத் திரும்பக் காலை வாரினார், கீகன் ஒரு குத்து விட்டார், அந்த ஆள் மயங்கி விழுந்தார். எட்டு வாரம் தடை.

ஹைலைட்ஸ் பையன்

நட்பு ஆட்டத்தில் நாக்-அவுட்டா 😂

சேற்றுத்திடல்

இது முதல் தடவை இல்லை தம்பி. 1974-ல் சீசன் தொடக்க ஆட்டமான சாரிட்டி ஷீல்டில் லீட்ஸ் கேப்டன் பில்லி ப்ரெம்னரோடு கைகலப்பு. இருவரையும் நடுவர் வெளியேற்றினார். இருவரும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்று மார்போடு நடந்தார்கள். கீகன் அதற்கு 11 ஆட்டத் தடை அனுபவித்தார். மூக்கு நுனியில் கோபம் உள்ள ஆள்.

அதனால்தான் அந்தக் குளிர்காலத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். வரிசைப்படுத்திப் பாருங்கள். பேசத் துணையில்லை. கூடவே வந்த கோச் போயாயிற்று. பழைய வீட்டில் ஆறு கோல் வாங்கி, பாட்டு வேறு கேட்டாயிற்று. டிசம்பர் முடியும்போது குத்து, அதற்குத் தண்டனையாக எட்டு வாரம் பெஞ்சில்கூட உட்கார முடியாது. இதற்கு முன் வெளிநாடு போன இங்கிலாந்துக்காரர்கள் இந்த இடத்தில்தான் பெட்டியைக் கட்டினார்கள். ஜிம்மி க்ரீவ்ஸ் 1961-ல் ஏசி மிலான் போனார். கோல் மழை அடித்தும் மனம் ஒட்டவில்லை, சில மாதங்களில் டாட்டன்ஹாமுக்குத் திரும்பிவிட்டார். அவரை 99,999 பவுண்டுக்கு வாங்கினார்கள். லட்சம் பவுண்டு ஆட்டக்காரர் என்ற சுமை அவர் தலையில் ஏறக்கூடாது என்று ஒரு பவுண்டைக் குறைத்தார்களாம்.

கீகன் அந்த எட்டு வாரத்தில் ஜெர்மன் படித்தார். தடை முடிந்து வந்தபோது மற்ற ஆட்டக்காரர்களோடு அவர்கள் மொழியிலேயே தப்பும் தவறுமாகப் பேச ஆரம்பித்திருந்தார். போகப்போக டிவி பேட்டியே ஜெர்மனில்தான்.

வடகடல்

ஓம். பாஷையோடு இன்னொன்றும் மாறியது. 1978 தொடக்கத்தில் க்ரோன் இடத்துக்கு குந்தர் நெட்சர் வந்தார். ஆடும் காலத்தில் நெட்சர் மான்ஷென்கிளாட்பாக்கை விட்டு ரியல் மாட்ரிட் போய் இருந்தவர். அந்நியத் தேசத்தில் ஆடுவது என்னவென்று தெரிந்த மனிதர். கோச்சாக யூகோஸ்லாவியாவிலிருந்து பிராங்கோ செபெக். பயிற்சி என்றால் எலும்பை முறிக்கும் பயிற்சி.

இடதுகால்

இத்தனை பேர் எழுதியும் ஆட்ட நுணுக்கத்தை யாரும் தொடவில்லையே.

லிவர்பூலில் கீகன் ஏன் பலித்தார்? பக்கத்தில் ஜான் டோஷாக் இருந்தார். பனைமரம் மாதிரி ஒரு ஆள் நடுவில் நின்று தலையால் தட்டிவிடுவார், கீகன் எங்கிருந்தோ முளைத்து வந்து எடுப்பார். இருவருக்கும் இடையே மனசுக்கு மனசு கம்பியில்லாத் தந்தி இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஹாம்பர்கில் முதல் வருடம் அந்தப் பனைமரம் இல்லை.

1978-ல் எஸ்ஸனிலிருந்து ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ் வந்தார். ஆறடிக்கு மேல், தலையே ஆயுதம். வலது பக்கத்தில் மான்ஃப்ரட் கால்ட்ஸ். அவர் அடிக்கும் கிராஸ் வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும், ஜெர்மன்காரர்கள் அதை அப்படியேதான் அழைத்தார்கள். கால்ட்ஸ் வளைப்பார், ஹ்ரூபெஷ் முட்டுவார், சிதறுவதைக் கீகன் பொறுக்குவார். அல்லது கீகன் பின்னால் இறங்கி ஃபெலிக்ஸ் மகாத்தோடு பந்தைப் பரிமாறி ஆட்டத்தை நகர்த்துவார். லிவர்பூலில் பெனால்டி பகுதிக்குள் துள்ளும் முயலாக இருந்தவர் இங்கே ஆட்டத்தையே ஓட்டும் டிரைவராகிவிட்டார். கொப் படிக்கட்டு நண்பருக்கு மட்டும் சொல்கிறேன், டால்கிளீஷ் லிவர்பூலில் செய்த வேலைக்குப் பக்கத்தில் வரும் வேலை இது.

ஆக, மொழி பாதி, ஹ்ரூபெஷ் பாதி. சேற்றுத்திடல் முதல் பாதியை மட்டும் பேசுகிறார்.

சேற்றுத்திடல்

இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் யோசிக்காத கோணம்.

1978-79-ல் பட்டம். ஹாம்பர்க் 49 புள்ளி, ஸ்டுட்கார்ட் 48. அப்போது வெற்றிக்கு 2 புள்ளிதான். 19 வருடம் காத்திருந்த ஊர். குள்ளமான உருவத்துக்கு 'மைட்டி மவுஸ்' என்று செல்லப்பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அந்த வருடம் ஒரு பாட்டும் பாடி வெளியிட்டார். அது ஜெர்மன் பட்டியலில் முதல் பத்துக்குள் போயிற்று. (கேட்டிருக்கிறேன். ஹாம்பர்க் ரசிகர்கள் அவரை எவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.)

கொப் படிக்கட்டு

சரி, லீக் எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பாலன் டி'ஓர்? அதில் 1978 விருதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? 77-78-ல் அவர் அணி பத்தாம் இடம். 78 கோடையில் உலகக் கோப்பை, இங்கிலாந்து தகுதியே பெறவில்லை. அந்த வருடத்தின் சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரர் உலகக் கோப்பையை வீட்டில் டிவியில் பார்த்தவர்!

கணக்கப்பிள்ளை

வாக்குப் புள்ளி விவரம்: 1978-ல் கீகன் 87, ஆஸ்திரியாவின் ஹான்ஸ் க்ராங்கிள் 81, டச்சுக்காரர் ரென்சன்பிரிங்க் 50. க்ராங்கிள் அந்த சீசனில் ராபிட் வியன்னாவுக்கு லீக்கில் மட்டும் 41 கோல். அதோடு உலகக் கோப்பையில் கோர்டோபாவில் மேற்கு ஜெர்மனியை 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிய ஆட்டத்தில் இரண்டு கோல். ரென்சன்பிரிங்க் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கோப்பையும் அவருக்கு, விருதும் அவருக்கு. உலகக் கோப்பை நாயகன் மாரியோ கெம்பெஸ் அர்ஜென்டினாக்காரர். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் விருது.

எனவே 1978 விருது சந்தேகத்துக்குரியது என்பதே என் கருத்தும்.

1979 வேறு கதை. கீகன் 118, இரண்டாமவர் ரும்மனிகெ 52. இருமடங்குக்கும் மேல். அதில் யாரும் வாய் திறக்க முடியாது.

சேற்றுத்திடல்

1978 மீது எனக்கும் உறுத்தல் உண்டு. ஆனால் 1977-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அந்த வருடம் சிமோன்சென் 74, கீகன் 71, பிளாட்டினி 70. ரோமில் கீகனிடம் தோற்ற அணியின் ஆள் மூன்று புள்ளியில் கீகனை முந்தினார்! 77-ல் கொடுக்க வேண்டியதை 78-ல் கடன் அடைத்தார்கள் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். விருது கொடுப்பவர்கள் இப்படிப் பழைய பாக்கி தீர்ப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதானே.

எது எப்படியோ, இதை இரண்டு முறை வாங்கிய ஒரே இங்கிலாந்துக்காரர் இவர்தான். மேத்யூஸ், சார்ல்டன், ஓவன் மூவரும் ஒவ்வொரு முறை. அவர்கள் உள்ளூர்க் கிளப்பில் இருந்தபோது வாங்கினார்கள். வெளிநாட்டுக் கிளப்பில் ஆடியபடி வாங்கியது இவர் ஒருவரே.

ஹைலைட்ஸ் பையன்

அண்ணே, ஹாரி கேன் பேயர்னில் முதல் சீசனிலேயே லீக்கில் 36 கோல். கீகன் மூன்று சீசனில் 32. நீங்களே சொல்லுங்க.

இடதுகால்

கேன் கோல் அடிக்கப் போனவர். பேயர்ன் பத்து வருடத்துக்கும் மேல் தொடர்ந்து லீக் எடுத்துக்கொண்டிருந்த கிளப். அவர் போன வருடம்தான் லெவர்குசன் அந்த வரிசையை உடைத்தது, அது கேனின் கெட்ட நேரம். அடுத்த வருடம் எடுத்துவிட்டார். இரண்டு பேரையும் எண்ணில் வைத்து ஒப்பிடுவது தராசில் துணியை அளப்பது மாதிரி.

இன்னொன்று. கீகன் காலத்தில் ஒரு கிளப்பில் இரண்டு வெளிநாட்டவருக்குத்தான் இடம். ஹாம்பர்கில் கீகன் ஒன்று, யூகோஸ்லாவியாவின் இவான் புல்யான் ஒன்று. இப்போது மாதிரி டிரெஸ்ஸிங் ரூமில் பாதிப் பேர் ஆங்கிலம் பேசுவது என்பதே கிடையாது. இங்கிலாந்திலோ 1978 வரை வெளிநாட்டவருக்குக் கதவே மூடியிருந்தது. அந்த வருடம் திறந்ததும்தான் டாட்டன்ஹாமுக்கு ஆர்டிலெஸும் வியாவும் வந்தார்கள்.

பழைய ரேடியோ

கதவு இந்தப் பக்கமிருந்தும் திறந்தது. கீகன் ஜெயித்த 1979-லேயே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் டோனி வுட்காக் கொலோன் போனார், டேவ் வாட்சன் வெர்டர் பிரெமன் போனார், லாரி கன்னிங்ஹாம் ரியல் மாட்ரிட் போனார். இதில் வாட்சன் கதை சோகம். கொஞ்ச நாளிலேயே திரும்பி சவுத்தாம்ப்டன் வந்துவிட்டார். வுட்காக் நின்று நிலைத்தார்.

இந்த இழையில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று: ஜெர்ரி ஹிச்சன்ஸ். அவரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆஸ்டன் வில்லாவிலிருந்து 1961-ல் இன்டர் மிலான் போனார். க்ரீவ்ஸ் போன அதே வருடம். க்ரீவ்ஸ் திரும்பினார், ஹிச்சன்ஸ் இன்டர், டொரினோ, அட்டலாண்டா, காலியாரி என்று எட்டு வருடம் இத்தாலியிலேயே இருந்தார். நிலைத்து நிற்பதுதான் அளவுகோல் என்றால் சேற்றுத்திடல் அவருக்கல்லவா மாலை போட வேண்டும்?

சேற்றுத்திடல்

போட்டாயிற்று. தனி இழை நீங்களே ஆரம்பியுங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

கொப் படிக்கட்டு

1980 பற்றிப் பேசாமல் நழுவப் பார்க்கிறீர்கள். ஐரோப்பியக் கோப்பை இறுதி, மாட்ரிட், ஹாம்பர்க் தோற்றது. யாரிடம்? இங்கிலாந்துக் கிளப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம்! கீகன் போனபின் லிவர்பூல் 78-ல் எடுத்தது, 81-ல் எடுத்தது. கீகன் ஹாம்பர்கை விட்டுப் போனபின் அவர்களும் 83-ல் ஏதென்ஸில் யுவென்டஸை வென்று எடுத்தார்கள். எங்கே கீகன் இல்லையோ அங்கே கோப்பை.

வடகடல்

83 இறுதி ஆட்டத்தின் கோல் மகாத் அடித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே இன்றும் கதைப்பார்கள். ஆனால் 1980 அரையிறுதியையும் அதே அளவுக்குக் கதைப்பார்கள். மாட்ரிட்டில் ரியலிடம் 2-0 தோற்று வந்தார்கள். இங்கே 5-1. கால்ட்ஸ் இரண்டு, ஹ்ரூபெஷ் இரண்டு, மேமரிங் ஒன்று. எதிரணியில் கன்னிங்ஹாம்.

இடதுகால்

இறுதி ஆட்டத்தில் ஜான் ராபர்ட்சன் 20-வது நிமிடம் ஒரு கோல் போட்டுவிட்டார். அப்புறம் ஃபாரஸ்ட் கதவைச் சாத்திக்கொண்டது. ஹ்ரூபெஷ் முழுத் தகுதியோடு இல்லை, இடைவேளைக்குப் பிறகுதான் வந்தார். கென்னி பர்ன்ஸும் லாரி லாய்டும் கீகனை மென்று துப்பினார்கள். இருவரும் முதல் டிவிஷனில் பழகிய கைகள், மூன்று வருடத்தில் ஜெர்மனியில் எந்த டிஃபென்டரும் கொடுக்காத அடியை ஒரே ராத்திரியில் கொடுத்தார்கள். கீகன் தன் பாதிக்கே இறங்கிப் பந்து வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து யாரால் கோல் அடிக்க முடியும்?

சேற்றுத்திடல்

அந்த மேட்சுக்கு முன்பே அவர் திரும்புவது முடிவாகிவிட்டது. பிப்ரவரியில் சவுத்தாம்ப்டன் மேனேஜர் லாரி மெக்மெனமி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, கீகனை முன்னால் நிறுத்தினார். 4,20,000 பவுண்டு. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் சவுத்தாம்ப்டனுக்கு! அந்தக் காலத்து ஆட்கள் இதை இன்னும் நம்ப முடியாமல் பேசுகிறார்கள். அங்கே இரண்டாவது வருடம், 1981-82, லீக்கில் 26 கோல் அடித்து முதலிடம். ஆட்டக்காரர்கள் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கு. அணி குளிர்காலத்தில் பட்டியலின் உச்சியில் இருந்தது, சரிந்து ஏழாமிடத்தில் முடிந்தது. மேனேஜரோடு மனக்கசப்பு வந்தது. 1982-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு இரண்டாம் டிவிஷன் நியூகாசில்.

நடுவில் ஸ்பெயின் உலகக் கோப்பை. இங்கேதான் ஹாம்பர்க் மறுபடி வருகிறது.

கீகன் இங்கிலாந்து கேப்டன், ஆனால் முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில். அணி பில்பாவோவில். அணி மருத்துவம் பலிக்கவில்லை. ஒரு ராத்திரி ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்த பெண்ணிடம் அவருடைய சின்னக் காரைக் கடன் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு மாட்ரிட் போய், அங்கிருந்து விமானம் ஏறினார். எங்கே? ஹாம்பர்குக்கு. அங்கே ஆடிய காலத்தில் பழகிய மருத்துவரிடம். உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போது, முதுகை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்த ஒருவருக்கு லண்டன் தோன்றவில்லை.

திரும்பி வந்து ஸ்பெயினுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். 0-0. காலியான கோலுக்கு முன்னால் ஒரு ஹெட்டர், வெளியே போயிற்று. 63 முறை இங்கிலாந்துக்கு ஆடியவர் உலகக் கோப்பையில் களத்தில் நின்றது அரை மணி நேரம்கூட இல்லை.

கொப் படிக்கட்டு

அந்த ஹெட்டரை நான் பார்த்திருக்கிறேன். எதிரிக்கும் வரக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

பழைய ரேடியோ

புதிதாக வந்த மேனேஜர் பாபி ராப்சன் அவரை அணியிலிருந்து எடுத்ததும் பத்திரிகை மூலம்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு போன்கூட வரவில்லை. அதோடு இங்கிலாந்துக்கு ஆடுவதை நிறுத்திக்கொண்டார்.

ஹைலைட்ஸ் பையன்

நியூகாசிலில் எப்படி முடிந்தது?

பழைய ரேடியோ

அழகாக முடிந்தது. பியர்ட்ஸ்லி, வாடில் என்ற இரண்டு இளைஞர்கள், லிவர்பூல் பழைய தோழர் மெக்டர்மட், இவர். 1983-84-ல் இவர் லீக்கில் 27 கோல், அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த வாடில்தான் பிறகு மார்செய் போய் மூன்று பிரெஞ்சு லீக் எடுத்தவர். கூட ஆடிய காலத்தில் கீகன் காதில் என்ன ஓதினார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வு எப்போது முடிவு செய்தார் தெரியுமா? 1984 ஜனவரி, எஃப்ஏ கோப்பை, ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 4-0. பந்தோடு தனியாக ஓடியவரை மார்க் லாரன்சன் பின்னாலிருந்து வந்து பிடித்துவிட்டார். முன்பு அந்த இடைவெளியில் யாரும் பிடித்ததில்லை. அடுத்த மாதம் தன் 33-வது பிறந்தநாளன்று அறிவித்துவிட்டார்.

கொப் படிக்கட்டு

பார்த்தீர்களா, கடைசியிலும் லிவர்பூல்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சேற்றுத்திடல்

வழியனுப்பு ஆட்டமும் லிவர்பூலோடுதான். மே மாதம், செயின்ட் ஜேம்ஸ் பார்க். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் ஹெலிகாப்டர் இறங்கியது. நியூகாசில் சட்டையோடு, பூட்ஸோடு அதில் ஏறிப் போனார்.

வடகடல்

பூட்ஸோடா? இங்கே வந்திருந்தால் வாசலில் கழற்றச் சொல்லியிருப்பார்கள்.